கனகம் பறிக்காத இலை

1

இன்று காலை கவுன்சிலிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மெல்பர்னில் கவுன்சில் என்றால் நம் ஊர் மாநகராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வித்தியாசம், கடிதம் போட்டால் பின்னாலேயே ஆளும் வருவான். எங்கள் வீட்டு வாசலில் உதிர்ந்து கிடக்கும் இலைகள் மழைநீர்க் கால்வாயை அடைக்கின்றன, அக்கம்பக்கத்தார் புகார் செய்திருக்கிறார்கள், குறித்த நாளுக்குள் அப்புறப்படுத்தவும் என்று மிக மரியாதையாக எழுதியிருந்தார்கள். அந்த அக்கம்பக்கத்தார் யார் என்று எனக்குத் தெரியும். எதிர்வீட்டுக்காரர். வாரம் தவறாமல் இலை ஊதும் எந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு தன் புல்வெளியைத் துடைத்து வைப்பவர். என்னைப் பார்த்தால் கையசைப்பார், சிரிப்பார், பிறகு உள்ளே போய்ப் புகார் எழுதுவார்.

கடிதம் வருவதற்கு இன்றைக்குத்தானா நாள் கிடைத்தது என்று இருந்தது. இன்று என் மகன் கதிர் போன நாள். ஆறு வயதில், ஒரு வாரக் காய்ச்சலில் போனான். நாலு வருஷம் ஆகிறது.

திருவனந்தபுரம் ஆரியசாலைக் கடைத்தெரு நண்பர்கள் தங்கள் ஆண்டு மலருக்கு வெளிநாட்டு வாழ்க்கை பற்றிச் சுவையாக ஏதாவது எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். சுவையாக எழுத எனக்கு வரும். பனியில் வேட்டி கட்டிக்கொண்டு குப்பைத்தொட்டி தள்ளிய கதையெல்லாம் கைவசம் இருக்கிறது. ஆனால் இந்த முறை மனம் ஒப்பவில்லை. என் மனைவி கனகம் இரண்டு வருஷமாகத் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். அவள் திரும்பி வருவாளா என்று உங்களில் பலர் போனில் சுற்றி வளைத்துக் கேட்கிறீர்கள். புருஷனையும் பெண்ணையும் விட்டுவிட்டுச் சருகு பொறுக்குகிறாள் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள் என்று காதுக்கு வந்தது. அவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

2

கனகம் போனக்காட்டுக்காரி. திருவனந்தபுரத்தில் இருப்பவர்களுக்குப் போனக்காடு என்றால் ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போய் மஞ்சு மூடிய மலையில் படம் எடுத்துக்கொண்டு வரும் இடம். அவளுக்கு அது அப்பாவும் அம்மாவும் உழைத்த தேயிலை எஸ்டேட். சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும் லயத்து அறைகளில் ஒன்றில் பிறந்தாள். நகரத்து ஓவியக் கல்லூரியில் படிக்க வந்தபோதுதான் எங்கள் கடைக்கு வந்தாள். எங்களுடையது மல்லி, மிளகாய், மஞ்சள் மொத்தக் கடை. மூட்டைக்குக் குறைந்து நாங்கள் விற்றதில்லை. சாயம் காய்ச்ச வேண்டும், ஒரு கைப்பிடி மஞ்சள் போதும் என்று கேட்ட ஒரே வாடிக்கையாளர் அவள்தான். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். நான் கொடுத்தேன். அதன் பிறகு அவளுக்கு அடிக்கடி மஞ்சள் தீர்ந்துபோயிற்று.

எங்கள் வீட்டில் நடந்த ரகளையை மலரில் எழுத முடியாது. நாஞ்சில் நாட்டுக் குடும்பம், ஆரியசாலையில் மூன்று தலைமுறைக் கடை, மருமகள் லயத்திலிருந்து. பதிவு அலுவலகத்தில் கல்யாணம் முடித்து, கணக்கர் வேலைக்கு விசா வாங்கி, இங்கே வந்து சேர்ந்தோம். மித்ரா பிறந்தாள். அவளுக்கு ஏழு வயது ஆனபோது கதிர் பிறந்தான்.

கதிர் போன பிறகு சமாதி நிலத்தில் ஒரு பெயர்ப்பலகை பதிப்பது பற்றிப் பேச கவுன்சில் அலுவலகத்துக்கு போன் செய்தேன். என் மகன் எக்ஸ்பயர்ட் ஆகிவிட்டான் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நம் ஊரில் அப்படித்தான் சொல்லுவோம், மரியாதையான சொல் என்று நினைத்துச் சொல்லுவோம். மறுமுனையில் இருந்த பெண் கொஞ்சம் தயங்கிவிட்டு, எந்த அட்டை, புதுப்பிக்க வேண்டுமா என்று கேட்டாள். இந்த நாட்டில் கடவுச்சீட்டும் பால் பாக்கெட்டும்தான் எக்ஸ்பயர் ஆகும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் பிறகு அழுதேவிட்டாள், பாவம். நான்தான் அவளைத் தேற்றினேன்.

இங்கே துக்கத்தைக் கேட்டு ஆலோசனை சொல்லவும் ஆள் உண்டு, முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். நானும் கனகமும் போனோம். ஒன்றிலிருந்து பத்துக்குள் உங்கள் துயரத்துக்கு எவ்வளவு போடுவீர்கள் என்று அந்த அம்மாள் கேட்டார். எந்த அளவையில் என்று நான் திருப்பிக் கேட்டேன். கணக்கன் புத்தி. கனகம் ஜன்னலுக்கு வெளியே மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த முறை அவள் வரவில்லை.

அந்த நாட்களில்தான் வீட்டுச் சாப்பாட்டில் பச்சை குறைந்தது. கொல்லையில் ஒரு தொட்டியில் கறிவேப்பிலை வைத்திருக்கிறோம். குளிர் நாட்டில் அந்தச் செடியைப் பிழைக்க வைப்பது என்ன பாடு என்று இங்கே உள்ளவர்களுக்குத்தான் தெரியும். கனகம் அதில் கை வைப்பதை நிறுத்திவிட்டாள். கொத்தமல்லிக் கட்டு வாங்கி வந்தால் அப்படியே கிடந்து அழுகும். கீரை ஆய மாட்டாள். எல்லாம் பொடியும் வற்றலுமாகச் சமைத்தாள். ரசம் மொட்டையாக இருக்கிறதே என்று முணுமுணுத்துவிட்டு, நானே போய் ரெண்டு இணுக்குக் கறிவேப்பிலை பறித்து வந்து சட்டியில் போடுவேன். அவள் விலகி நின்று என் கையையே பார்ப்பாள். சட்டிக்குள் விழுந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

3

கதிரை அடக்கிய இடம் ஒரு பெரிய புல்வெளி. செடி வைக்கக் கூடாது, வேலி கூடாது, தரையோடு தரையாக ஒரு பலகை மட்டும். சுற்றிலும் பெரிய மரங்கள். இலையுதிர் காலத்தில் பலகை மேல் இலைகள் வந்து மூடும். கனகத்துக்கு அது பிடித்திருந்தது. ஆனால் ஆட்கள் வாரம் ஒருமுறை எந்திரம் கொண்டுவந்து ஊதித் தள்ளிவிடுவார்கள். எங்கள் வரிசையை மட்டும் விட்டுவிடுங்கள் என்று நான் மின்னஞ்சல் எழுதினேன். இலைகள் பார்வையாளர்கள் வழுக்கி விழக் காரணமாகலாம் என்று கோரிக்கை எண்ணோடு பதில் வந்தது. அதற்குப் பிறகு கனகம் எந்திரம் வரும் நாளைத் தெரிந்துகொண்டு, அதற்கு முன்பே பையோடு போய் இலைகளைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவர ஆரம்பித்தாள். வண்டி நிறுத்தும் கொட்டகை நிறைந்தது. வண்டி தெருவில் நின்றது. வாசலில் உதிர்ந்த இலைகளையும் கூட்ட விடமாட்டாள்.

அந்த இலைகளை வைத்துத்தான் அவள் மறுபடியும் வேலை செய்யத் தொடங்கினாள். ஒவ்வோர் இலையாக எடுத்துக் காம்பைப் பார்ப்பாள். தானாக உதிர்ந்த இலைக்குக் காம்பின் முனை மழுங்கி மூடியிருக்கும். காற்றோ பறவையோ பிய்த்த இலைக்கு நார் நீண்டிருக்கும். நார் நீண்டதை எடுத்துப் போய் மரத்தடியிலேயே போட்டுவிடுவாள். இதை அவளுக்குக் காட்டிக்கொடுத்தவள் சுலோசனா, எஸ்டேட்டை ஒட்டிய காட்டில் இருக்கும் காணிக்காரப் பழங்குடியினர் குடியிருப்பைச் சேர்ந்தவள், கனகத்தோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள். காட்டில் கீழே கிடப்பதை வைத்தே மேலே என்ன நடந்தது என்று இருவரும் சொல்லி விளையாடுவார்களாம். குரங்கு வந்ததா, காற்று வந்ததா, மரம் தானே விட்டதா என்று.

கனகத்தின் கண்காட்சிக்கு மெல்பர்னில் ஒரு கூடம் கிடைத்தது. நடுவில் ஒரு வெறும் கூடை. சுற்றிலும் தரையில் வரிசை வரிசையாகக் கைப்பிடி அளவு இலைக் குவியல்கள். வருகிறவர் ஒரு கைப்பிடி எடுத்துக் கூடையில் போட வேண்டும், அவ்வளவுதான். பெயர் ‘கைப்பிடி’. அந்த நிலத்தின் மூத்த குடிகளுக்கு வணக்கம் சொல்லித்தான் இங்கே எந்தக் கூட்டமும் தொடங்கும். அன்றும் சொன்னார்கள். பிறகு பாலாடைக்கட்டியும் திராட்சையும் வந்தன. ஜனங்கள் கைப்பிடி எடுத்துப் போட்டார்கள், சிலர் கண்ணைத் துடைத்தார்கள். பூமியின் துயரம், இயற்கையோடு மனம் ஆறுதல் என்று பத்திரிகையில் எழுதினார்கள். வேறு ஊர்களிலிருந்தும் பயிற்சி வகுப்பு நடத்த அழைப்பு வந்தது. துக்கப்பட்டவர்களை உட்கார வைத்து இலை அடுக்கச் சொல்லும் வகுப்பு.

நான் கோட்டும் கழுத்துப்பட்டையுமாக நின்றேன். ஏன் உதிர்ந்த இலை மட்டும் என்று என்னிடம் வந்து கேட்டவர்களுக்கு விளக்கம் சொன்னேன். அது என் மனைவியின் கலைக்கொள்கை, இயற்கையை நோகடிக்காமல் படைப்பது, எங்கள் மலைநாட்டுப் பழங்குடிகளின் சுற்றுச்சூழல் அறிவு என்று பேசிக்கொண்டே போனேன். கணக்கனுக்கு இவ்வளவு பேச வருமா என்று எனக்கே பெருமையாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் கனகம் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

அந்தக் கூட்டத்தில் இந்நாட்டுப் பழங்குடிப் பெண் ஒருத்தி வந்திருந்தாள், அவளும் ஓவியக்காரி. தன் கைப்பிடியைப் போட்டுவிட்டுக் கனகத்தின் பக்கத்தில் வெகுநேரம் சும்மா நின்றாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாளாம், யாருக்காக என்று. வண்டியில் வீடு திரும்பும்போது கனகம் இதைச் சொன்னாள். நான் வழியைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். நல்ல கேள்வி என்றேன்.

4

அடுத்த வருஷம் ஊரில் ஒரு கலைக்கூடம் மூன்று மாதம் தங்கி வேலை செய்ய அழைத்தது. போனாள். மூன்று மாதம் ஆறு மாதமாயிற்று, ஆறு மாதம் ஒரு வருஷத்தைத் தாண்டிற்று. போனில் பேசுவாள், மித்ரா சாப்பிட்டாளா என்று கேட்பாள், வருகிற தேதியைக் கேட்டால் மழை பற்றிப் பேசுவாள். அவள் போகும்போது மித்ராவுக்குப் பதினைந்து வயது. அம்மாவோடு பேசுகிறாயா என்று போனை நீட்டினால், பிறகு என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவாள். தம்பி போன பிறகு அவள் வீட்டில் தமிழ் பேசுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், அதுவும் பாதியில் நிற்கும். வீட்டில் இரண்டு பேர்தான் இருந்தோம், இரண்டு பேரும் தனித்தனியாக இருந்தோம். கனகம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பினேன். அவளை எப்படியாவது அழைத்துவந்துவிட வேண்டும், அந்த ஒன்றைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

போன டிசம்பரில் லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். மித்ரா வர மறுத்துவிட்டாள், ஒரு தோழி வீட்டில் தங்கிக்கொண்டாள்.

கனகம் ஆரியசாலையில் எங்கள் பழைய கடைக்கு மூன்று கடை தள்ளி ஒரு மாடிக் குடோனை வாடகைக்குப் பிடித்திருந்தாள். மருமகளாக அவள் நுழையாத தெருவில் வாடகைக்காரியாக இருந்தாள். வாரம் ஒருமுறை போனக்காட்டிலிருந்து பஸ்ஸில் மூட்டை மூட்டையாகச் சருகு வரும். இறங்கியதும் சுமட்டுத் தொழிலாளிகள் சூழ்ந்துகொள்வார்கள். மஞ்சளானாலும் சருகானாலும் மூட்டை மூட்டைதான், நாங்கள்தான் தூக்குவோம் என்பது அவர்கள் கட்சி. தூக்கிய ஆள் எடையே இல்லாமல் தடுமாறி விழப் பார்த்தான். “இதென்ன சாதனம் சேச்சி, காத்தா?” என்று கேட்டான். உள்ளே வந்து இலையைப் பார்த்துவிட்டு, தன் தங்கையை ஒருநாள் அழைத்துவரட்டுமா என்றான். அவளுடைய கணவன் விழிஞ்ஞத்திலிருந்து கடலுக்குப் போய்த் திரும்பவில்லை.

அந்தத் தங்கை வந்ததை நான் பார்த்தேன். கனகம் அவளுக்கு ஒன்றும் விளக்கவில்லை. சுலோசனாவும் அங்கே இருந்தாள், பாயில் உட்கார்ந்து காம்பு பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு கடும் பச்சை இலையை எடுத்து, இது குரங்கு பிய்த்தது, இதுக்குப் போகும் காலம் வரவில்லை என்று மலையாளத்தில் சொல்லி ஓரமாக வைத்தாள். அந்தத் தங்கை ஓரமாக வைத்த இலைகளையே தன் பக்கம் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் வரை காம்பு பார்ப்பதிலேயே போயிற்று. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை, கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தேன்.

நான் கொண்டுவந்த விமானச் சீட்டைக் கனகத்திடம் காட்டினேன். அவளுக்கும் ஒன்று போட்டிருந்தேன். அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, நாளைக்குப் போனக்காட்டுக்கு வாருங்கள், அண்ணன் உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறான் என்றாள்.

5

மலையேறும் வழியில் வனத்துறைச் சோதனைச் சாவடி. கனகத்தை அவர்களுக்குத் தெரியும். என் அடையாள அட்டையைக் கேட்டார்கள். இருந்தது ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டுதான். நீட்டினேன். “சார் ஃபாரினர் ஆணல்லே,” என்றார் காவலர், சார் வெளிநாட்டுக்காரர்தானே என்று. குற்றமாக அல்ல, வருத்தமாக. ஃபாரினருக்குத் தனிப் பதிவு, தனிக் கையெழுத்து. நான் பிறந்த ஜில்லாவில், மாமனார் ஊருக்குப் போக, எதற்காக வருகிறீர்கள் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவோடு நின்றேன். ‘குடும்பம்’ என்று எழுதினேன்.

தொழிற்சாலை ஓடவில்லை, பாதி லயங்களில் கூரை இல்லை. இருக்கிற சில குடும்பங்கள் காடாக வளர்ந்த தேயிலையில் முடிந்ததைக் கிள்ளி விற்றுக்கொண்டிருந்தன. கனகத்தின் அண்ணன் தேவராசன் அவர்களில் ஒருவர். கனகம் சருகு பொறுக்கச் சரிவில் இறங்கினாள், நாங்கள் இருவரும் பாறைமேல் உட்கார்ந்தோம். எதிரே நாலைந்து பெண்கள் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடையே கனகம் முதுகில் கூடையோடு குனிந்து கீழே மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தாள். போகிற போக்கில் ஒருத்தி தன் கையிலிருந்த கொழுந்தில் ஒரு கைப்பிடியைக் கனகத்தின் கூடையில் போட்டாள். இன்னொருத்தியும் போட்டாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

என்ன இது என்று தேவராசனிடம் கேட்டேன்.

பிள்ளை செத்த தாய் பச்சையில் கை வைக்க மாட்டாள் என்றார். கொழுந்து கிள்ளுவதுதான் பிழைப்பு, கிள்ளாவிட்டால் கூலி இல்லை. அதனால் மற்றவர்கள் ஆளுக்கொரு கைப்பிடி போட்டு அவள் கூடையை நிரப்புவார்கள். எடை போடும் கங்காணியும் கண்டுகொள்ள மாட்டான். அந்த லயங்களில் அப்படி ஒரு வழக்கம். காணிக்காரர்களிடமிருந்து வந்ததா, திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்ததா, இங்கேயே உண்டானதா என்று அவருக்குத் தெரியாது.

அந்தக் கூடத்தில், வெறும் கூடையைச் சுற்றிக் கிடந்த கைப்பிடிகள் எனக்கு நினைவு வந்தன. பாலாடைக்கட்டித் தட்டோடு நின்று கொள்கை பேசிய நானும் நினைவு வந்தேன்.

“எதுவரைக்கும் இப்படி?” என்று கேட்டேன்.

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். “அது நீங்கல்லா மச்சான் பாக்கணும். பிள்ளைக்க தகப்பன் ஒரு கொழுந்து கிள்ளி அவ கையில வச்சாத்தான் அவளுக்க கை தெறக்கும். ஒங்களுக்குத் தெரியாதா?”

“அவ சொல்லலையே.”

“அது அவ சொல்லுத காரியமில்ல. கேட்டு வாங்கப்பிடாது.”

நான் எத்தனை முறை கறிவேப்பிலை பறித்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். அவள் பக்கத்தில்தான் நின்றாள். என் கையைத்தான் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் நான் சட்டியில் போட்டேன்.

பாறையிலிருந்து எழுந்தேன். சரிவில் இறங்க எனக்குப் பழக்கமில்லை, இரண்டு இடத்தில் உட்கார்ந்தே இறங்கினேன், பெண்கள் சிரித்தார்கள். எது கொழுந்து என்றும் சரியாகத் தெரியாது. இளசாகத் தெரிந்த ஒரு முனையைக் கிள்ளினேன், இரண்டு இலையும் ஒரு மொட்டும் வந்தன. கனகத்தின் முன்னால் போய் நின்று நீட்டினேன். பெண்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அவள் அதைப் பார்த்தாள். “ஆரு சொன்னா? அண்ணனா?” என்றாள்.

ஆமாம் என்றேன். பொய் சொல்லியிருக்கலாம்.

அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு அந்தச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதாள். கதிர் போன நாளில்கூட அவள் அப்படி அழுததை நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன். ஏதோ முடிந்துவிட்டது, இனி வந்துவிடுவாள் என்று அழுகைக்கு நடுவிலும் என் மனம் கணக்குப் போட்டது.

அழுது முடித்து எழுந்தவள் பக்கத்துச் செடியிலிருந்து தன் கையால் ஒரு கொழுந்து கிள்ளினாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவள் கிள்ளிய முதல் பச்சை. அதை ஈரத்துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தாள். “இது மித்ராவுக்கு. அவளும்லா பறிகொடுத்தவ. நீங்களே அவ கையில வச்சுக் குடுங்க.”

அக்காமாருக்கும் இந்த வழக்கம் உண்டா என்று கேட்டேன். இல்லை, இப்போது நான் உண்டாக்கியதுதான் என்றாள்.

நீயே வந்து கொடேன் என்றேன். சீட்டு இன்னும் என் சட்டைப்பையில்தான் இருந்தது.

“அங்க வந்தா நான் திரும்பவும் ஆர்ட்டிஸ்ட் ஆயிருவேன்,” என்றாள். “இங்க நான் பிள்ளை போனவ. எல்லாருக்கும் தெரியும், ஆரும் கேக்கமாட்டாங்க. கொஞ்ச நாள் இப்படியே இருக்கேன். நீங்க போங்க, அவ தனியா இருக்கா.”

கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

6

விமானத்தில் ஒரு அட்டை தருவார்கள். விதை, இலை, மரப்பட்டை, மண் ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று கேள்வி. மறைத்தால் கடும் அபராதம். நான் வாழ்நாள் முழுக்கப் படிவங்களில் உண்மையை எழுதிப் பிழைத்தவன். ஆம் என்று குறியிட்டேன்.

மெல்பர்ன் விமான நிலையத்தில் ஒரு இளம்பெண் அதிகாரி கையுறை மாட்டிக்கொண்டு ஈரத்துணியைப் பிரித்தாள். கொழுந்து கொஞ்சம்கூட வாடவில்லை. தேயிலைதானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். காய்ந்த தேயிலையாக இருந்தால் தடையே இல்லை, பச்சையைத்தான் விட முடியாது என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னாள். எங்கள் கடையில் தலைமுறை தலைமுறையாகக் காய்ந்த சரக்குத்தான். எதைக் காயவைத்தால் எல்லை தாண்டும் என்று எங்கள் குடும்பத்துக்குத் தெரியாததில்லை. இது ரொம்ப முக்கியமானதா என்று அவள் கேட்டாள். என் பெண்ணுக்கு, அவள் தாய் கொடுத்தது என்று சொன்னேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஆங்கிலம் வரவில்லை. தமிழிலும் வந்திருக்காது. மன்னியுங்கள் என்று சொல்லிவிட்டு ஒரு மஞ்சள் பையில் போட்டு ஒட்டித் தொட்டிக்குள் விட்டாள். ஈரத்துணியைத் திருப்பித் தந்தாள்.

மித்ராவிடம் நான் எதையும் சொல்லவில்லை. கையில் ஒன்றும் இல்லாமல் அதைச் சொல்லி என்ன பிரயோஜனம் என்று இருந்துவிட்டேன். அம்மா எப்படி இருக்கிறாள் என்று அவளும் கேட்கவில்லை.

7

கவுன்சில் கடிதத்தை அடுக்களை மேசையில் போட்டுவிட்டு ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கதிருக்கு ரசம் பிடிக்கும். அவன் நாளில் வேறு சடங்கு எதுவும் செய்யத் தெரியாமல் நான் ரசம் வைக்கிறேன். மித்ரா வந்து கடிதத்தை எடுத்துப் படித்தாள். அவளுக்கு இப்போது பதினேழு, என்னைவிட ஒரு விரல்கடை உயரம். அம்மா போய் இரண்டு வருஷமாகியும் ஏன் அந்த இலைகளைக் கூட்டாமல் வைத்திருக்கிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

அதனால் சொன்னேன். கூடை, கைப்பிடி, கங்காணி, தகப்பன் கிள்ளும் கொழுந்து, நான் சரிவில் உட்கார்ந்து இறங்கியது வரை சொன்னேன். எனக்கு ஆங்கிலம் தட்டிய இடங்களில் தமிழில் சொன்னேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, குறுக்கே பேசாமல் கேட்டாள்.

நான் முடித்ததும் ஒரு கேள்வி கேட்டாள். ஆங்கிலத்தில்தான், ஒரு சொல்லைத் தவிர. அம்மாவுக்கு ஒன்று உண்டு, அப்பா கொடுப்பார், சரி. அக்காவுக்கு?

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டு நாலு வருஷம் ஆகிறது. இந்த வீட்டில் அவளை அக்கா என்று கூப்பிட்டவன் ஒருவன்தான்.

அம்மா உனக்கும் ஒன்று கொடுத்தனுப்பினாள் என்று சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. ஈரத்துணி, மஞ்சள் பை, தொட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள்.

“நீ டிக்ளேர் பண்ணினியாப்பா?” என்றாள். தமிழில்.

ஆமாம் என்றேன். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பேசாமல் நடந்து வந்திருக்கலாம். அந்த ஒரே ஒரு முறை பொய்யான இடத்தில் குறியிட்டிருக்கலாம். அவள் சொல்லவில்லை, முகம் சொல்லிற்று. எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள் என்று நினைத்தேன். இத்தனை வருஷமும் அதைத்தான் செய்தாள்.

எழுந்தாள். போகவில்லை. மேசையோரம் நின்றபடி, கையை என் பக்கம் நீட்டினாள். உள்ளங்கையை விரித்து.

நான் கொல்லைக்குப் போனேன். இங்கே ஆகஸ்ட் குளிர்காலம், கறிவேப்பிலைச் செடி மொட்டையாக நின்றது. பழுத்த இலைகள் தொட்டி மண்ணில் உதிர்ந்து கிடந்தன. உச்சியில் ஒரே ஒரு தளிர் விட்டிருந்தது, நகத்தின் அளவு. அதைக் கிள்ளினால் இந்தக் குளிருக்குச் செடி பிழைக்குமோ பிழைக்காதோ. கிள்ளினேன்.

அவள் கை அப்படியே நீட்டியபடி இருந்தது. உள்ளங்கையில் வைத்தேன். மூடிக்கொண்டாள். அழவில்லை. மூடிய கையோடு மேசை முன் உட்கார்ந்தாள், மற்றக் கையால் சோற்றைப் பிசைந்தாள்.

ரசத்தில் கறிவேப்பிலை இல்லை. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.